பாரிஸ் மச்சானும் ஸ்பிரிங்வேல் மீனும்

"வணக்கம் சொல்லாட்டி பாண் விக்கமாட்டாங்களாமோ? பிறகென்ன அது, கடையோ கோயிலோ?"

தேவராஜா ஸ்டியரிங்கில் ஒரு அடி போட்டுச் சிரித்தார். பக்கத்தில் மனைவியின் தம்பி பிரஷாந்தன். பாரிஸில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன், கிரான்பர்னில் அக்கா வீட்டுக்கு வந்து நாலு நாள்தான். அதற்குள் அவனுடைய பாரிஸ் புராணம் தேவராஜாவுக்குத் தலைக்குமேல் போய்விட்டது.

"ஓம் அத்தான். பேக்கரிக்குள்ள போனதும் 'பொன்ஜூர்' சொல்லோணும். இல்லாட்டி கடைக்காரி எங்களைக் காணாத மாதிரி நிப்பா."

"கமக்கட்டுக்குள்ள பாணை இடுக்கிக்கொண்டு திரியிறவங்களுக்கு மரியாதை வேற! நாய்க்கும் கோப்பிக்கடையில இருக்கக் கதிரை குடுப்பாங்களாமே?"

"நாய் பேசாமல் இருக்கும். மனுசர்தான் ஒரு குட்டிக் கோப்பியை வைச்சுக்கொண்டு ஒரு மணித்தியாலம் குறை சொல்லுவினம்."

"அந்த வியாதிதானே உனக்கும். நேற்று அக்கான்ர நண்டுக்கறியைச் சட்டியோட வழிச்சுத் திண்டுபோட்டு 'மோசமில்லை' எண்டனி!"

"அங்க அதுதான் அத்தான் பெரிய பாராட்டு."

"உன்ர பூஞ்சணம் பிடிச்ச சீஸுக்கு அது காணும். நாத்தத்தில என்ர ஃபிரிட்ஜைத் திறக்க ஏலாமக் கிடக்கு!"

அன்று மாலை, மகள் நிரூபாவுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாகச் சாப்பிட வருகிறார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் செந்தில்நாதன் மயிலிட்டியில் மீன் யாவாரம் செய்தவர். ஒரு துண்டை வாயில் வைத்தாலே மீன் செத்த நாளைச் சொல்லிவிடுவாராம். மீன் சரியில்லாவிட்டால் மானம் போச்சு.

ஸ்பிரிங்வேலில் வழக்கமான மீன்கடை. வாசலிலேயே தேவராஜா குரலை உயர்த்தினார்.

"பாரை என்ன விலை? என்னது! கடலையும் சேர்த்தோ விக்கிறாய்?"

கடைக்கார வியட்நாம் பெண் முன்பெட்டியைக் காட்டினாள். இவர் கத்த, அவள் கத்த, போவதுபோல இவர் இரண்டு அடி நடக்க, விலை இறங்கியது. ஒரு முழுப் பாரை பைக்குள் விழுந்தது.

"பாத்தியே? பதினாறு வருசமா இவளை இப்பிடித்தான் மடக்கிறனான். உன்ர பாரிஸில ஏலுமே?"

பிரஷாந்தன் தொப்பியைக் கழற்றினான். "குட் மோர்னிங்" என்றான் அவளிடம். "கடுங் குளிர், கை விறைக்கவில்லையா?" என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டான்.

அவள் முகம் மலர்ந்தது. "விறைக்கத்தான் செய்யுது. மீன் இன்றைக்குச் சமைக்கவா, நாளைக்கா?"

"இன்றைக்கு. முக்கியமான விருந்து."

அவள் தேவராஜாவின் கையிலிருந்த பையைப் பிடுங்கினாள். பின்னால் போய், ஐஸுக்கடியிலிருந்து இன்னொரு பாரையைத் தூக்கி வந்தாள். கண் பளிங்கு. செவுள் செக்கச்சிவப்பு.

தேவராஜாவுக்கு உச்சி கொதித்தது. "அப்ப இவ்வளவு நேரமும் எனக்குத் தந்தது என்ன?"

"முந்தநாள் மீன்."

"என்ன!"

"முன்பெட்டி, விலை மட்டும் கேட்பவர்களுக்கு. விலை குறைத்துத்தானே தந்தேன்? எப்போது பிடித்தது என்று பதினாறு வருடத்தில் ஒருநாளாவது கேட்டீர்களா?"

பிரஷாந்தன் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு அவளுக்கு "தாங்க்யூ" சொன்னான். அதுதான் தேவராஜாவுக்கு இன்னும் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் குசினிக்குள் வெடித்தார்.

"பவளம்! பதினாறு வருசமா அவள் எனக்குப் பழைய மீனைத் தள்ளியிருக்கிறாள்! சமைக்கிற உமக்குக்கூட மணக்கேல்லையே?"

மனைவி பவளம் புது மீனின் செவுளை விரித்துப் பார்த்தாள். பிறகு, கரைத்து வைத்திருந்த புளியில் பாதியைச் சிங்குக்குள் ஊற்றினாள்.

"மணக்காமலோ இவ்வளவு நாளும் புளியைக் கூட்டிக் கூட்டி விட்டனான்? மலிவா வாங்கினன் எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு வாற மனுசனிட்ட அதை எப்பிடிச் சொல்லுறது?"