ஒரு கிலோ காஸ்டிக் சோடா

கெமிக்கல் கடைக்காரருக்குத் தன் மூளையைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. பள்ளியில் வேதியியலில் கோட்டை விட்டவர். அப்பா விட்டுப்போன கடை என்பதால் ஆசிட் கேன்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்துவிட்டார். “புஸ்தகத்துல ஏறாததெல்லாம் தோல்ல ஏறிடுச்சு” என்று முழங்கைத் தழும்புகளைக் காட்டி அவரே சிரிப்பார்.

அன்று மத்தியானம் வந்த பெண் ஒரு கிலோ காஸ்டிக் சோடா கேட்டாள்.

“எதுக்கும்மா?”

“வீட்டுல அடைப்பு.”

“கிச்சன்லயா, பாத்ரூம்லயா?”

அவள் யோசித்தாள். “ஏதோ ஒண்ணுல.”

தன் வீட்டில் எங்கே அடைப்பு என்று தெரியாத பெண்ணை அவர் இதுவரை பார்த்ததில்லை. காதைத் தீட்டிக்கொண்டார்.

“இதைத் தண்ணியில போட்டா என்ன ஆகும்?”

“கொதிக்க ஆரம்பிச்சிடும். தண்ணியில இதைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடணும். இதுமேல தண்ணிய ஊத்தினீங்க, மூஞ்சியில தெறிக்கும். என் புருவத்தைப் பாருங்க, பாதிதான் மிச்சம். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், அரிச்சுத் தின்னுடும்.”

“கண்ணுல பட்டா?”

“பார்வையே போயிடும். கையுறை, கண்ணாடி இல்லாம தொடாதீங்க.”

“வாசனை ஏதாவது வருமா?”

“வராதும்மா.”

“தெரியாம யாராவது முழுங்கிட்டா?”

கடைக்காரருக்கே தொண்டை எரிந்தது. “வாயிலேர்ந்து வயிறு வரைக்கும் வெந்துடும்.”

அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். அப்போது அவளுடைய செல்போன் ஒலித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, “கடையிலதான் இருக்கேன். இன்னையோட முடிச்சிடறேன். எத்தனை நாள்தான் இழுத்துக்கிட்டே இருக்கிறது?” என்றாள்.

போச்சுடா! புருஷனுக்குத்தான் இதைக் கொடுக்கப்போகிறாள் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

எடுத்து வருவதாகச் சொல்லிப் பின்னறைக்கு ஓடினார். அங்கே பினாயில் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் கிசுகிசுத்தார்.

“நீங்க துப்பறியக் கிளம்பினா விளங்கின மாதிரிதான்” என்றாள் அவள். “மீட்டர் பார்க்க வந்தவரைத் திருடன்னு குளியலறையில வெச்சுப் பூட்டினது மறந்துபோச்சா?”

“நான் முட்டாள்தான், யார் இல்லேன்னா? அதுக்காக ஒருத்தன் சாகணுமா?”

“அப்ப சரக்கு இல்லேன்னு அனுப்பிடுங்க.”

“வேற கடையில வாங்கிட்டுப் போயிடுவாளே!”

சொன்னபோதே அவருக்குப் பொறி தட்டியது. காஸ்டிக் சோடா என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, அபாயக் குறியும் போட்ட காலிப் பாக்கெட் ஒன்றை எடுத்தார். மூலையில் இருந்த மூட்டையிலிருந்து கல் உப்பை அள்ளிப் போட்டார். அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. எடை பார்த்து, வாயைச் சூடு வைத்து ஒட்டிக்கொண்டு வந்து நீட்டினார்.

அவள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பில் கொடுங்க” என்றாள்.

கொலை செய்யக் கிளம்பியவள் பில் கேட்கிறாள்! என்ன நெஞ்சழுத்தம்! எழுதிக் கொடுத்தார்.

அவள் போனதும் போலீசைக் கூப்பிடப் போனை எடுத்தார். மனைவி பிடுங்கி வைத்தாள். “என்னன்னு சொல்லுவீங்க? ஒரு பொம்பளை உப்பு வாங்கிட்டுப் போனான்னா?”

அதுவும் நியாயம்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக உருப்படியாக ஒன்று செய்துவிட்டோம், வெளியே சொல்லத்தான் வழியில்லை என்று அவர் நொந்துகொண்டிருக்கும்போதே கடை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. காக்கிச் சட்டை போட்ட இருவர் இறங்கினார்கள். அவர்கள் நடுவில் அந்தப் பெண். கையில் பிரித்த பாக்கெட்.

மாட்டிக்கொண்டாள்! கடைக்காரர் அவசரமாகத் தலையைக் கோதிக்கொண்டார். நாளைக்குப் பேப்பரில் போட்டோ வந்தாலும் வரலாம்.

“இந்தப் பாக்கெட் உங்க கடையில கொடுத்ததா?” என்றார் காக்கிச் சட்டைகளில் ஒருவர். “தண்ணியில போட்டுப் பார்த்தோம். கொஞ்சம்கூடச் சூடாகலையே?”

“எப்படி சார் ஆகும்?” கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். “அது வெறும் கல் உப்பு! நானே என் கையால அள்ளிப் போட்டு ஒட்டினேன். வேணும்னா இவளைக் கேளுங்க, பக்கத்துலயே நின்னு பார்த்தா.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். காக்கிச் சட்டைக்காரர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

அந்தப் பெண் கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கலப்படத் தடுப்பு அதிகாரி.

“உங்க கடையில காஸ்டிக் சோடான்னு உப்பை விக்கறதாப் புகார் வந்தப்போ, பொறாமையில யாரோ கிளப்பிவிட்ட பொய்னு நினைச்சு, கேஸை மூடத்தான் சார் இன்னைக்கு வந்தேன்.”