முயல் கூடாது, கௌதாரி கூடாது

"பாய், இந்த ஊர்ல எதையெல்லாம் வேட்டையாடலாம்?" என்று அம்மையப்பன் கேட்டதும், கடைக்காரர் சுஐபு பருப்பு நிறுப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார்.

சிரிக்கட்டும். கேட்காமல் கைவைத்து ஒருமுறை பட்டது போதும். பரமக்குடிப் பக்கம் ஒரு காட்டு முயலுக்காக ஃபாரஸ்டர் அவனைப் பதினைந்து நாள் உள்ளே உட்கார வைத்தார். அந்த முயல் இன்னும் வெந்துகூட முடிந்திருக்கவில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. அதுவும் அரபுநாட்டு அடுப்பங்கரை.

ராஸ் அல் கைமா மலையடிவாரத்தில் முதலாளியின் பேரீச்சந்தோட்டத்துக்குக் காவலும் அவன்தான், தண்ணீர் பாய்ச்சுவதும் அவன்தான். மாதம் ஒருமுறை முதலாளி இறக்கிவிட்டுப் போகும் அரிசி ஓர் ஆளுக்கு உள்ளது. இந்த மாதம் பதினெட்டாம் தேதியே சாக்கை உதறியாயிற்று.

தோட்டத்திலோ கௌதாரி கூட்டம் கூட்டமாக மேய்கிறது. புல்லுக்கு முயல் வருகிறது. கல்லிடுக்கில் உடும்பு மாதிரி ஒன்று கொழுத்துக் கிடந்து வெயில் காய்கிறது. கண்ணி வைக்க அவன் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஒத்த ஆளுக்கு இம்புட்டு வயிறாப்பா?"

சுஐபு கீழக்கரைக்காரர். வாய்தான் நீளம், மனசு கெட்டதில்லை. பொட்டலம் மடிக்க வைத்திருந்த பழைய இங்கிலீஷ் பேப்பர்களைப் புரட்டி, விலங்குகளின் படம் போட்ட ஒரு பக்கத்தை உருவினார். சர்க்கார் அறிவிப்பு.

விரல் வைத்து வாசித்துச் சொன்னார். மான் கூடாது. முயல் கூடாது. கௌதாரி கூடாது. அந்த உடும்பு கூடவே கூடாது. பறவை முட்டையைத் தொட்டால்கூடக் குற்றம்.

பல்லிக்குக்கூடப் பரிந்துபேச இந்த நாட்டில் ஆள் இருக்கிறது என்று நினைத்தபோது அம்மையப்பனுக்கு வயிறு எரிந்தது.

வேறு ஏதாவது இருக்கிறதா என்று சுஐபு தாளைத் திருப்பினார்.

பின்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு முகம். வேலையை விட்டு ஓடிப்போனவர்களைக் கண்டால் பிடித்துக் கொடுக்கச் சொல்லிக் கம்பெனிகள் போடும் விளம்பரம். மூன்றாவது வரிசையில் விமல் இருந்தான்.

கல்குவாரி கேம்ப்பில் இருந்தவரை விமலும் இந்தக் கடைக்குத்தான் வந்துகொண்டிருந்தான். அம்மா செத்ததற்கு லீவு கேட்டான். தரவில்லை. இரண்டாம் நாள் ஆளைக் காணோம்.

சுஐபு அந்தப் படத்தைப் பார்த்தார். அம்மையப்பனைப் பார்த்தார். வாங்கிய குப்பூஸ் ரொட்டியோடு இன்னொரு பாக்கெட்டையும் வைத்து, படம் உள்ளே போகும்படி அந்தத் தாளிலேயே சுற்றிக் கொடுத்தார்.

தோட்டத்து மோட்டார் ரூம் கதவை அம்மையப்பன் மூன்று முறை தட்டினான். பேப்பரை உருவிக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் நான்காவது தட்டு. அந்த நான்காவதுதான் அடையாளம்.

கதவு விரலளவு திறந்தது. பொதுமன்னிப்பு வரும், ஊருக்குப் போய்விடலாம் என்று இரண்டு மாதமாக உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குப் பசி.

"என்னண்ணே, எதைப் பிடிக்கலாமாம்?"

"உன்னை மட்டுந்தான்டா."

அண்ணன் கேலி செய்வதாக நினைத்து, வாய் நிறையக் குப்பூஸோடு விமல் சிரித்தான்.