சாம்பலில் புரட்டிய ரம்புட்டான்

காலை வெயில் அதற்குள் அஸ்தம்பட்டி மொட்டைமாடியைச் சுட வைத்துவிட்டது. பச்சை நிழல்வலைக்குக் கீழே தனப்பிரியா குத்தவைத்து உட்கார்ந்து, ஐஸ்கிரீம் டப்பாவில் நிரப்பிய மண்ணை ஸ்பூன் காம்பால் கிளறுகிறாள். வலையின் ஓட்டைகள் வழியே வெளிச்சம் அவள் புறங்கையில் புள்ளி புள்ளியாக விழுகிறது. கீழே ஏற்காடு சாலையில் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. சாலை போய்ச் சேரும் மலை மேல் எதைப் போட்டாலும் முளைக்கிறது; இங்கே போன வருஷம் பட்டர் ஃப்ரூட் கருகியது, இந்த வருஷம் ரம்புட்டான் தலையே காட்டவில்லை. போட்ட நாளில் இருந்தபடியே ஒரு விதை வெளியே வருகிறது. நகத்தால் அழுத்துகிறாள். சுருங்கிய தோல் உடைந்து உள்ளே பொடியாக உதிர்கிறது. தோலின் மடிப்புகளில் சாம்பல் ஒட்டியிருக்கிறது. கொடியில் துணி காயப்போடும் கணவனைத் திரும்பிப் பார்க்கிறாள்.

“ஏனுங்க, நான் அம்மா ஊட்டுக்குப் போயிருந்தப்ப இந்த வெதைய என்ன பண்ணுனீங்க?”

மோகன்குமார் வேட்டியை உதறுகிறான். “பத்திரமா வெச்சிருங்கன்னு சொன்னியே. சாம்பல்ல பெரட்டி நல்லா வெயில்ல காய வெச்சுத்தான் டப்பாவுல போட்டேன். எங்க மோகனூர்ல பூசணி வெதை, அவரை வெதை எல்லாம் அப்படித்தான்.”

“இது ஈரத்தோட நடோணுமுங்க. காஞ்சா செத்துப்போயிரும்.”

ஸ்பூனை மண்ணில் குத்தி நிறுத்துகிறாள். பக்கத்துத் தொட்டியில் அவன் போட்ட பூசணி, விதைத்தோலைத் தலையில் சுமந்தபடி நிமிர்ந்து நிற்கிறது. அவன் ஈரக் கையோடு வந்து டப்பாவை எட்டிப் பார்க்கிறான்.

“உடு கண்ணு. ரம்புட்டான்ல பாதி வெதைய அடுத்த ஆடிக்குன்னு சாம்பல்லயே போட்டு வெச்சிருக்கறேன்.”