முன் அனுபவம்

டீக்கடையில் உலக விவகாரம் பேசுகிறவர்களையே சமாதானத் தூதுக்கு அழைக்கும் சட்டம் வந்த பிறகும் குற்றாலிங்கத்துக்கு வாய் அடங்கவில்லை. “நெப்போலியன் கெட்டதே பிடிவாதத்தாலதான். இந்த ரெண்டு நாட்டுச் சண்டைய என்கிட்ட விட்டா ஒரு மணி நேரத்துல முடிச்சிருவேன்” என்றார். வீடு போய்ச் சேருமுன் அழைப்பு வந்துவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு அதிபர்களும் அவர் வீட்டுத் திரையில் வருவார்களாம்.

கூடவே ஒரு படிவம். முதல் கேள்வி: ‘நீங்கள் இதுவரை தீர்த்துவைத்த சண்டை எது?’

“பக்கத்து வீட்டுல இருக்க உங்க தம்பிகிட்ட பேசி பதினோரு வருசம் ஆச்சு. அதையாவது இன்னைக்கு முடிச்சிட்டு எழுதுங்க” என்றாள் மனைவி பிரமு.

முருங்கைக் கிளை ஒன்று மதிலைத் தாண்டியதில் வந்த சண்டை அது. குற்றாலிங்கம் படிவத்தோடு போய்க் கதவைத் தட்டினார். தம்பி சண்முகவேல் கதவைத் திறந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். காப்பி வந்தது. இருவருக்கும் கண் கலங்கியது. தம்பியே பேனாவை எடுத்துப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தான்.

இரண்டாவது கேள்வி: ‘முதலில் விட்டுக்கொடுத்தவர் யார்?’

“என் பேர எழுதுலே. நடந்து வந்தது யாரு?” என்றார் அண்ணன்.

“கதவத் தொறந்தது யாருண்ணே?” என்றான் தம்பி.

மறுநாள் நடக்கவிருந்த பேச்சுவார்த்தை, தவிர்க்க முடியாத காரணங்களால் ஒத்திவைக்கப்பட்டது.