பதினாறு கிலோ

காலை வெயில் கூடத்தில் கிடக்கும் கெட்டில்பெல் என்ற உடற்பயிற்சிக் குண்டின் கறுப்பு வயிற்றில் பளபளக்கிறது. எட்டு கிலோவே போதும் என்ற கடைக்காரரிடம் வீறாப்பாகப் பதினாறு கிலோ கேட்டு வாங்கியவருக்கு, அந்த இரும்புக் குண்டு முழங்காலைத் தாண்ட மறுக்கிறது. "கையால இழுக்காதீங்க, இடுப்பால தள்ளுங்க," என்கிறார் கைபேசிக்குள் பயிற்சியாளர். இவர் கையால்தான் இழுக்கிறார். இடுப்பு பிடித்துக்கொள்ள, சோபாவில் சரிந்து மூச்சு வாங்குகிறார். துடைப்பத்தோடு வரும் மனைவி ஏதோ நினைப்பில் குண்டை ஒற்றைக் கையால் தூக்கிப்பிடித்தபடி அடியிலிருக்கும் தூசியைப் பெருக்குகிறாள். நிமிரும்போது அவர் முகம் கண்ணில் படுகிறது. சட்டென்று இன்னொரு கையையும் கொடுத்து, முக்கி முனகி இறக்கி வைக்கிறாள். "அப்பப்பா, என்ன கனம். எப்படித்தான் தூக்குறீங்களோ." அவருக்குக் காது மடல் சுடுகிறது. "பிரமாதம்," என்கிறது கைபேசி, "அப்படியே இன்னொரு தடவை."