பச்சை விளக்கு

"எங்க அப்பாவுக்கு அடுப்புப் பக்கத்துல ஒரு நாற்காலி வேணும்."

நெவேனா கேட்டே விட்டாள். படகுச் சங்கக் கூடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்த கைகள் அந்தரத்தில் நின்றன. இந்த ஒன்றை மட்டும் கேட்கவே கூடாது என்று அப்பா ஓப்ரென் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "நாமளா கேட்டா மரியாதை இல்லம்மா. பேசாம இருந்தா ஒருநாள் அவங்களே கூப்பிட்டு உக்கார வைப்பாங்க." முப்பத்தொரு குளிர்காலம் போய்விட்டது. அந்த ஒருநாள் மட்டும் வரவில்லை.

"என்ன நாற்காலி?" என்றார் தலைவர் ஸ்ரெத்தன், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உறுப்பினர் நாற்காலி. முப்பத்தொரு வருஷமா விடியறதுக்கு முன்னாடி வந்து, உங்க படகையெல்லாம் சுத்திப் பனியை உடைச்சவர். டீயை மட்டும் வாசப்படியில நின்னு குடிச்சவர்."

"பாப்பா, இது படகுச் சங்கம். படகே இல்லாதவனுக்கு இங்க என்ன நாற்காலி?"

"அவன்கிட்ட கோடாலி இருக்கே! கோடாலிச் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிக்கச் சொல்லுங்க மாமா" என்றான் கோய்கோ. தலைவரின் மச்சான். பிளம் சாராயக் கோப்பைகள் குலுங்கும்படி மேசையே சிரித்தது.

நெவேனா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். ஜன்னலுக்கு வெளியே டான்யூப் ஆற்றின் ஓரத்தில் பதினான்கு மரப்படகுகள் மிதந்தன. கரையேற்றினால் மரம் காய்ந்து வெடிக்கும். தண்ணீரிலேயே விட்டால் பனி இறுக்கிப் பலகையை நொறுக்கும். ஆற்றின் நடுவே எல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்க, படகுகளைச் சுற்றி மட்டும் கறுப்புத் தண்ணீர் தளதளத்தது.

"பாத்தியா?" ஸ்ரெத்தன் ஜன்னலைக் காட்டினார். "இப்ப அதுக்கெல்லாம் மெஷின் வந்தாச்சு. அடியில காத்தை ஊதும், குமிழி வரும், பனி பிடிக்காது. உங்கப்பன் மாதிரி இருமாது. சாராயம் கேக்காது."

"அப்பா ஒருநாளும் கேட்டதில்ல."

"கொடுத்தா வேண்டாம்னும் சொன்னதில்ல!" என்றான் கோய்கோ.

மெஷினைத் தொடங்கி வைத்ததே அவன்தான். டிசம்பரில், படகுக்காரர்களின் காவலரான புனித நிக்கோலாவின் திருநாளன்று, பாதிரியார் புனித நீர் தெளித்தார், மெஷினைப் பூட்டிக்கொண்டிருந்த கோய்கோ பாதி வேலையில் எழுந்து ஸ்விட்சைத் தட்டினான், பச்சை விளக்கு எரிந்தது, கைதட்டினார்கள். மீன் குழம்பு ஆறிவிடும் என்று மொத்தச் சங்கமும் உள்ளே ஓடியது. அன்று மாலையே ஓப்ரெனைக் கூப்பிட்டு, "இனிமே உனக்கு ஓய்வு" என்று முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பினார்கள்.

"உங்கப்பன் இப்ப எப்படி இருக்கான்?" என்று ஸ்ரெத்தன் பெரியமனிதத் தோரணையில் விசாரித்தார்.

"ஆறு நாளா படுக்கை. மார்ல சளி. இன்னிக்குத்தான் கொஞ்சம் எழுந்து நடக்கறார்."

"அதான் பாத்தியா! வேலையை விட்டதும் உடம்பு சோம்பேறியாயிடும். சரி, நீ மெஷின் படிப்புத்தானே படிச்சே? உங்க குடும்பத்துலயே முதல் பட்டமாமே. சொல்லு, நம்ம மெஷின் எப்படி?"

"நல்லா சத்தம் போடுது."

"சத்தமா! அங்க பாரு, துண்டு துண்டா மிதக்குதே. பனியை எவ்வளவு அழகா வெட்டிப் போட்டிருக்கு!"

"ரொம்ப அழகா இருக்கு" என்றாள் நெவேனா. குமிழி எந்த ஊரில் பனியை வெட்டும் என்று கேட்க நாக்குத் துடித்தது. விழுங்கிக்கொண்டாள்.

"கையுறையைக் கழட்டிட்டு ஒரு கோப்பை குடி பாப்பா. படிச்ச கை, குளிர் தாங்காதோ?"

அவள் கழற்றவில்லை. "கடைசியா கேக்கறேன். நாற்காலி உண்டா, இல்லையா?"

ஸ்ரெத்தன் சீட்டை மேசையில் கவிழ்த்தார். "பனி உடைக்கிறவனையெல்லாம் அடுப்புப் பக்கம் உக்கார வச்சா நாளைக்குக் குப்பை அள்ளுறவனும் வருவான். இல்ல. ஆனா நாங்க நன்றி மறந்தவங்க இல்ல. வாசல்ல சாத்தி வச்சிருக்கிற கோடாலியை எடுத்துட்டுப் போய் அவன்கிட்ட கொடு. சங்கத்தோட பரிசுன்னு சொல்லு."

"சொல்றேன். 'கேட்டேன், மாட்டேன்னுட்டாங்க'ன்னும் சொல்றேன். அவருக்கு அது தெரிஞ்சாத்தான் ஊரை விட்டுக் கிளம்புவார்."

அவள் கோட்டுப் பையில் நோவி சாத் நகரத்துக்குப் போகும் இன்றைய இரண்டு மணி பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட்டுகள் நேற்றிலிருந்தே கிடந்தன. கதவைத் திறந்தபோது கோய்கோ, "குளிர் உள்ள வருது, சீக்கிரம் சாத்து!" என்று கத்தினான்.

"இன்னிக்கு ராத்திரி மைனஸ் பதினஞ்சாம்" என்றாள் அவள். "உங்களுக்கென்ன, மெஷின் இருக்கு" என்று சொல்லிச் சாத்தினாள்.

வாசலில் இருந்த கோடாலியின் வாயில் காலையில் ஒட்டிய பனி இன்னும் உருகவில்லை. துறையின் முனையில் பச்சை விளக்குப் பெட்டியின் மூடியை ஒருமுறை தூக்கிப் பார்த்தாள்: இயந்திரம் வானத்துக்கு மும்முரமாகக் காற்றடித்துக்கொண்டிருந்தது, ஆற்றுக்குள் இறங்கியிருக்க வேண்டிய குழாயோ, மீன் குழம்பு ஆறிவிடுமென்று எல்லோரும் ஓடிய அந்தத் திருநாளிலிருந்து, கடைக்காரன் ஒட்டிய தாளோடு பக்கத்திலேயே சுருண்டு கிடந்தது. ஊர் விழிப்பதற்குள் யாருக்கும் சொல்லாமல் படுக்கையில் விழும்வரை அப்பாவும், அதற்கப்புறம் ஆறு நாளாகக் கையில் கொப்புளம் போட அவளும் வெட்டி வைத்த கறுப்புத் தண்ணீரின் மேல் இப்போதே பனித்தோல் படரத் தொடங்கியிருந்தது; நெவேனா மூடியைச் சாத்தி, கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.