முப்பத்தேழாம் நம்பர் கால்

“கடிக்குதுங்க” என்றாள் கோகிலவாணி.

அவ்வளவுதான். மேனேஜர் அஸீமின் முகத்தில் ஈயாடவில்லை. டிசைனர் லுப்னா நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள்.

இருக்காதா பின்னே? கோகிலவாணி போட்டிருந்த செருப்பு லுப்னாவின் ஒரு வருஷ உழைப்பு. வாணியம்பாடியில் இருக்கும் அவர்கள் செருப்புக் கம்பெனியில் டிசைன் செக்‌ஷன் என்பது லுப்னாவும் ஒரு மேஜையும்தான். அந்த மேஜைக்கும் இப்போது ஆபத்து.

“இந்த வருஷமும் டிசைன் மாநாட்டுல இருந்து வெறுங்கையோட வந்தா செக்‌ஷனை மூடிடலாம்மா. வெளிநாட்டுக்காரன் அனுப்புற படத்தைப் பாத்துத் தெச்சுட்டுப் போலாம்” என்று அஸீம் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

இந்தத் தடவை மாநாடு ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூரில். போட்டித் தலைப்பு, ‘மலைப் பெண்களுக்கு ஒரு செருப்பு’. எட்டுக் கம்பெனிகள் வந்திருந்தன. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெண்ணைக் கூட்டி வர வேண்டும். அவள் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு, தலையில் பத்துக் கிலோ புளி மூட்டையோடு, மண்டபத்துக்குப் பின்னாலிருக்கும் பாறைச் சரிவில் ஏறி இறங்க வேண்டும்.

கோகிலவாணி தையல் செக்‌ஷன். இதே மலையில் பக்கத்து நெல்லிவாசல்நாட்டுப் பெண். ஆனால் அவளைக் கூட்டி வந்தது ஊர்ப்பாசத்தில் இல்லை, கால் ராசியில். செருப்புத் தொழிலில் லேடீஸ் சாம்பிள் என்றால் முப்பத்தேழாம் நம்பர் அளவில்தான் தைப்பார்கள். கம்பெனியிலேயே அச்சில் வார்த்த மாதிரி முப்பத்தேழு அவள் கால் ஒன்றுதான். எந்தச் சாம்பிளும் முதலில் அவள் காலுக்குத்தான் போகும். அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அஸீம் விட மாட்டார்.

“உன்னைக் கூப்ட்டது காலைக் காட்ட. வாயைக் காட்ட இல்ல.”

காலையில் ஆலங்காயம் தாண்டி வேன் மலையேறும்போதுகூடப் படித்துப் படித்துச் சொன்னார். “யார் இன்னா கேட்டாலும், மெத்துனு இருக்குதுன்னு சொல்லு. புரியுதா?”

“சரிங்க சார்” என்று மண்டையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு இப்போது இப்படி.

முன்னால் போன ஏழு பெண்களும் சமர்த்தாகத்தான் சொன்னார்கள். ஒருத்தி நொண்டிக்கொண்டே வந்து “ரொம்ப வசதியா இருக்கு” என்றாள். கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த தலைமை நடுவர் அம்மா, இந்தக் ‘கடிக்குதுங்க’வைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்கேம்மா கடிக்குது?”

அஸீம் குறுக்கே பாய்ந்தார். “மேடம், பொண்ணு கூட்டத்தைப் பாத்து பயந்துட்டா...”

“செருப்பு போட்டது நீங்களா, அவங்களா? அவங்க சொல்லட்டும்.”

கோகிலவாணி மூட்டையை இறக்கினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

“அடி நல்லா இருக்குதுங்க. முள்ளு ஏறல, பாறையில வழுக்கல. இந்தச் சுண்டுவிரல் பக்கத்து வாரு மட்டும்தான். அரை விரல் வெளிய தள்ளி, இறுக்கித் தளர்த்துற மாதிரி ஒரு பக்கிள் வெச்சா போதும்.”

கூட இருந்தே குழி பறித்துவிட்டாளே என்று லுப்னாவுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் கண் என்னவோ அந்த விரல் காட்டிய இடத்துக்கே போனது. ஆத்திரம் வேறு, வேலை வேறு. அவள் சொல்வது சரி.

“மேடம், அரை மணி நேரம் குடுங்க” என்று எழுந்தாள்.

“லுப்னா, இன்னா பண்ற?” என்று பல்லைக் கடித்தார் அஸீம்.

“கொஞ்சம் சும்மா இருங்க பாய்.” வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷத்தில் அவரிடம் அவள் இப்படிப் பேசியதே இல்லை.

கத்தியும் ஊசியும் பசையும் எப்போதும் பையில் இருக்கும். பக்கிளுக்கு எங்கே போவது? தன் ஹேண்ட்பேக் வாரிலிருந்த இரண்டையும் அறுத்தெடுத்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அத்தனை பேர் முன்னாலும் தைத்தாள்.

கோகிலவாணி மறுபடி மூட்டையோடு ஏறினாள். இறங்கும்போது கிட்டத்தட்ட ஓடியே வந்தாள். மற்ற கம்பெனிப் பெண்கள்தான் முதலில் கைதட்டினார்கள்.

“எட்டு ஜோடி செருப்பு மலை ஏறுச்சு. ஏழு ஜோடி முகஸ்துதி பாடுச்சு. ஒண்ணுதான் தன் குறையைச் சொல்லுச்சு, உடனே திருத்தவும் கூட ஒரு ஆள் இருந்தாங்க. முதல் பரிசு அவங்களுக்குத்தான்” என்றார் நடுவர்.

அஸீம் மைக்கைப் பிடித்து, “எங்க கம்பெனியில எப்பவுமே கால் சொல்றதைக் கேட்டுத்தான் செருப்பு தைப்போம்” என்று கூசாமல் பேசினார். பேசட்டும். மேடையை விட்டு இறங்கியதும் அவரே லுப்னாவிடம் வந்து, “செக்‌ஷனுக்கு இன்னும் ரெண்டு ஆளு போட்டுடலாம்மா” என்றாரே, அது போதும்.

திரும்பும்போது வேனில் கோகிலவாணி பக்கத்தில் உட்கார்ந்தாள் லுப்னா. மனசு உறுத்தியது. ஒரு வருஷமாக இந்தக் காலில் மாட்டி மாட்டிப் பார்த்தும், வலிக்கிறதா என்று ஒரு தடவை கேட்டிருப்பாளா?

பிளாஸ்திரியை எடுத்தாள். “காலை நீட்டு.”

“வேணாம் மேடம்.”

“நீட்டுன்னா நீட்டு.”

குனிந்து சுண்டுவிரலைப் பார்த்தாள். இன்னொரு காலையும் பார்த்தாள்.

“இன்னாடி இது, ஒரு தடிப்புகூட இல்ல?”

முன் சீட்டில் அஸீம் தூங்குகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள் கோகிலவாணி.

“எனக்கு எங்க மேடம் கடிச்சுது? பூவாட்டம் இருந்துது. எங்கம்மா, அத்தைங்கல்லாம் வெறுங்காலோட மலை ஏறி எறங்குனவங்க, காலு முறமாட்டம் அகலம். அவங்களை யாரு வேன்ல கூட்டினு வந்து கேக்கப் போறாங்க? அதான் அவங்களுக்குக் கடிக்கப் போறத நான் முன்னாடியே சொல்லிட்டேன்.”